கரண்டியின் முதுகுப்பக்கம்

நவம்பர் 4, திங்கள்

காலையிலிருந்து முள்கரண்டிக்குப் பல் நோண்டிக்கொண்டிருந்தேன். பழைய வெள்ளி என்றால் ஊர் உலகம் பளபளப்பை நினைக்கும். எனக்கு நினைவுக்கு வருவது பல்லிடுக்கில் காய்ந்து கறுத்துப்போன முட்டை மஞ்சள்தான். எவனோ ஒரு வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ தின்றுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான், அவன் எச்சில் எனக்கு மிச்சம். குச்சியில் பஞ்சைச் சுற்றி நோண்டும்போது வருகிற வாடைக்கு மத்தியானச் சோறு இறங்காது. கருமம்.

கூடப்பிறந்த எட்வின் அண்ணன் கொடைக்கானலில் இந்தப் பழம்பொருள் கடையைப் போட்ட நாளிலிருந்து என் வேலை இதுதான். மிஷன் பங்களாக்களில் அமெரிக்கக்காரர்கள் விட்டுப்போன கரண்டி, தட்டு, கிண்ணங்களைக் கவிழ்த்து, முதுகில் அடித்திருக்கிற முத்திரையைப் பார்த்து, வெள்ளியா முலாமா, எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று சீட்டு எழுதிக் கட்டவேண்டும். இங்கிலீஷ்காரன் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தத் தனி ஆட்கள் உண்டு. அமெரிக்கக்காரனுக்கு அந்த வழக்கம் கிடையாது. செய்தவனே தன் பொருளுக்குச் சாட்சி. 'ஸ்டெர்லிங்' என்றிருந்தால் நல்ல வெள்ளி. 'குவாட்ரபிள் பிளேட்' என்று நாலு மடங்கு ஜம்பம் அடித்திருந்தால் வெறும் முலாம். சில பட்டறைக்காரர்கள் சின்னச் சின்னப் பெட்டிக்குள் மூன்று படம் வேறு அடித்துவைப்பார்கள், பார்க்கிறவன் இங்கிலீஷ் முத்திரை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. ஈயடிச்சான் காப்பி. ஏமாற்று வேலைக்கு நூறு வருஷம் வயதானால் அதற்குப் பெயர் பழம்பொருள்.

மத்தியானம் அண்ணன் போனில் ஒரு போட்டோ காட்டினார். கரண்டிக் காம்பின் பின்பக்கம், மிக நெருக்கத்தில் எடுத்தது.

"சுகி, இது என்னன்னு சொல்லு. ஃப்ரெண்டு ஒருத்தர் அனுப்பிச்சாரு."

அணில், கோதுமைக்கதிர், ஹெச் எழுத்து, பக்கத்தில் ஸ்டெர்லிங். புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன். மாசசூசெட்ஸ் பக்கத்துச் சின்னப் பட்டறை, நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், அசல் வெள்ளி, முழு செட்டாகக் கிடைத்தால் கொத்திக்கொண்டு போவார்கள். முத்திரைமேல் புள்ளி புள்ளியாக என்னவோ தெரிந்தது. அழுக்காக இருக்கும். அண்ணனுக்கு முகமெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தில் மேசைமேல் கிடந்த கரண்டியில் எச்சிலைத் துப்பிக் கைக்குட்டையால் துடைத்தார். எத்தனை முறை சொல்லியாயிற்று. சீ.

நவம்பர் 6, புதன்

அண்ணன் சபைக் கமிட்டி சார்பில் உடம்புக்கு முடியாத ரத்தினபாய் அம்மா வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போனார். புதன்தோறும் போகிறார், இந்தக் குளிரிலும், பெரிய பைபிள் பையைத் தூக்கிக்கொண்டு. மதினி வைத்த கருவாட்டுக் குழம்பில் ஒரே மண். துப்பினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தால் கடை வாசலில் பெரிய கார். கோயம்புத்தூர் நிரஞ்சனா மேடம். பழைய மிஷன் பங்களா ஒன்றை வாங்கி ரிசார்ட் ஆக்கியிருக்கிறார். டிசம்பர் ஒன்றாம் தேதி திறப்பு விருந்து. மேசை அச்சு அசலாக அமெரிக்க மிஷனரி வீட்டு மேசை மாதிரி இருக்கவேண்டுமாம்.

"முலாம் கிலாம் வேண்டாங்க. எல்லாம் ஒரே மார்க்கா இருக்கணும். வர்றவங்கள்லாம் விஷயம் தெரிஞ்சவங்க" என்றார்.

பேசிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வாயில் வைத்தார். "ஃபீல் பாக்கணும் இல்லீங்களா?" என்று வேறு கேட்டார். அந்தக் கரண்டி வந்த பெட்டியில் எலிப்புழுக்கை எவ்வளவு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கழுவியாயிற்றுதான், இருந்தாலும் கழுவியதை அவர் பார்க்கவில்லையே.

"குன்னூர்ல ஒரு பார்ட்டி இருக்கு மேடம். முப்பது வருஷமாப் பெட்டியே திறக்கல. முழு செட். நான் எடுத்துத் தர்றேன்" என்றார் அண்ணன். குன்னூர்ப் பார்ட்டியைப் பற்றி இதற்கு முன்னால் நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணனுக்கு ஆள் பழக்கம் அதிகம்.

நவம்பர் 15, வெள்ளி

தெருவே நாறிப்போய்விட்டது. ரத்தினபாய் அம்மா வீட்டு வெள்ளிச் சாமான் காணோமாம்.

அந்த அம்மாள் மிஷன் பங்களாவில் சமையல்காரியாக இருந்தவர். துரை குடும்பம் ஊருக்குப் போகும்போது சாப்பாட்டு மேசை வெள்ளியை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனது. கட்டிலடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார் என்று ஊருக்கே தெரியும். நான் பார்த்ததில்லை. "எல்லாம் முலாம்மா, ஈயம் பித்தளைக்குப் போடலாம்" என்று அண்ணன் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இப்போது அந்த அம்மாள் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்த படுக்கை. குளிப்பாட்ட, சோறூட்ட, பீ மூத்திரம் அள்ள என்று மன்னவனூர் செவந்தியை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். நேற்று சென்னையிலிருந்து மகன் டேவிட்சன் வந்து பெட்டியைத் திறந்திருக்கிறார். உள்ளே பழைய துணிதான் இருந்ததாம்.

வேறு யார் எடுப்பார்கள்? தெருவே கூடி நின்றது. டேவிட்சன் கத்தினார், "உன் பையைக் காட்டுடி!" செவந்தி பையைக் கவிழ்த்து ரோட்டில் கொட்டினாள். சீப்பு, மாத்திரை அட்டை, உள்பாவாடை, துவைக்காத ஜாக்கெட் எல்லாம் ஈரத் தார்மேல் விழுந்தது. பொம்பளை இப்படியா கொட்டுவாள், பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். அது முழியே திருட்டு முழி" என்றேன். மதினியிடம்தான் சொன்னேன், ஆனால் செவந்தி காதில் விழுந்துவிட்டது போல. நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

டேவிட்சன் கெடு வைத்திருக்கிறார். டிசம்பர் ரெண்டாம் தேதி திங்கட்கிழமைக்குள் சாமான் வந்து சேர்ந்தால் சரி, இல்லையென்றால் போலீஸ். அண்ணன்தான் நடுவில் நின்று சமாதானம் பேசினார். "பாவம், ஏழைப்பட்ட பொண்ணு, மனந்திரும்ப ஒரு வாய்ப்புக் குடுப்போம்" என்றார். தெருக்காரர்கள் அண்ணனைப் புகழ்ந்தபடி கலைந்துபோனார்கள்.

நவம்பர் 18, திங்கள்

குன்னூர்ச் சாமான் வந்துவிட்டது. முழு செட். கத்தி, முள்கரண்டி, பெரிய கரண்டி, சின்னக் கரண்டி, ஒவ்வொன்றும் ஒரு டஜன். பரிமாறுகிற அகப்பை தனி. அணில், கோதுமைக்கதிர், ஹெச்.

"அன்னிக்குப் போட்டோ காட்டினேன்ல, அதான்" என்றார் அண்ணன்.

நன்றாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷம் பெட்டியில் கிடந்த வெள்ளி கறுத்திருக்கவேண்டும், இது கண்ணாடி மாதிரி இருக்கிறது. காம்பின் பூவேலை இடுக்கில் பாலீஷ் பட்டறையின் சிவப்பு மாவு ஒட்டியிருக்கிறது. விற்கிறவன் பாலீஷ் போட்டுக் கொடுத்திருப்பான். குன்னூர்க்காரன் சுத்தக்காரன் போல.

மாவை நோண்டி எடுக்க சாயங்காலம் வரை ஆயிற்று. நகத்துக்குள் புகுந்துவிட்டது. சோறு பிசைந்தபோது விரலெல்லாம் ரத்தம் மாதிரி ஊறியது, அப்படியே எழுந்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ஒரு விஷயம் இடிக்கிறது.

கரண்டி தேய்வதற்கு ஒரு முறை உண்டு. சாப்பிடச் சாப்பிட வாய் படுகிற நுனி தேயும். மேசையில் வைத்து வைத்து எடுப்பதால் குழிவின் அடிவயிறு தேயும். முள்கரண்டி என்றால் பல் குட்டையாகும். காம்பின் பின்பக்கத்தில் எவன் வாயும் படுவதில்லை, முத்திரைதான் கடைசியில் தேயும். இந்தச் செட்டில் நுனி புதுக் கரண்டி மாதிரி கூர்மையாக இருக்கிறது, இதில் யாரும் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லலாம். ஆனால் முத்திரை பாதி போய்விட்டது. அணிலுக்கு வால் மட்டும் மிச்சம். ஸ்டெர்லிங்கில் கடைசி நாலு எழுத்து இல்லை. ஒன்றிரண்டில் என்றால் பரவாயில்லை, எல்லாவற்றிலும் அதே இடத்தில். கட்டைவிரலால் தடவினால் அங்கே மட்டும் லேசாகப் பள்ளம்.

அண்ணனிடம் சொன்னேன். "பழசுன்னா தேயத்தானேம்மா செய்யும்? நீ சீட்ட எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

தலைவலி. அண்ணன் இன்றைக்கு ரத்தினபாய் அம்மா வீட்டுக்கு ஜெபத்துக்குப் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

சபைப் பெண்கள் நாலு பேர் ரத்தினபாய் அம்மாவைப் பார்க்கப் போனோம். செவந்தியை விரட்டி ஒரு வாரம் ஆகிறது. டேவிட்சன் ஓட்டலில் தங்கிக்கொண்டு காலையில் ஒரு பாக்கெட் இட்லி வைத்துவிட்டுப் போகிறாராம்.

வாசலிலேயே வாடை ஆளைத் தூக்கிப்போட்டது. உள்ளே படுக்கை முழுக்க ஈரம். முதுகில் புண் வைத்துவிட்டது. மற்ற மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரமாக நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள், ஒரு ஜெபம் பண்ணினார்கள், வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். குடையை மறந்துவிட்டேன் என்று நான் திரும்பிப் போனேன். குடை கையில்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் நானே செய்தேன். ரெண்டு முறை வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வெந்நீர் வைத்துத் துடைத்து, விரிப்பை மாற்றி, புண்ணுக்கு மருந்து போட்டேன். அந்த அம்மாளுக்கு வாய் மட்டும் தெளிவாக இருக்கிறது.

"செவந்தி எங்க? அவ எடுக்கலன்னு இவன்ட்ட நூறு தரம் சொல்லிட்டேன். நான் சொன்னா எவன் கேக்குறான்?"

"வேற யாரும்மா எடுத்திருப்பா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும். எடுத்தவன் எங்க கொண்டுபோய் விக்கிறான்னு பாப்போம். பேரு வெட்டியிருக்குல்ல?"

விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"பேரா?"

"பேரு வெட்டாம யாராச்சும் பாத்திரம் வச்சுக்குவாங்களா? தொரசாணி குடுத்துட்டுப் போன மறுநாளே பஜார்ல பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனேன். உளிய வச்சுப் புள்ளி புள்ளியா 'ரத்தினபாய்'னு எல்லாத்துலயும் அடிச்சுக் குடுத்தான். எந்தப் பக்கம் அடிக்கன்னு கேட்டான். முன்னால அடிச்சா அழகு கெட்டுப்போகும், பின்னால ஏற்கனவே ஏதோ எழுதியிருக்கே, அது மேலயே அடிச்சிரு, யாருக்குத் தெரியப்போகுதுன்னேன்." சிரித்தார், சிரிப்பு இருமலானது. "தொரசாணியே அத வெளிய எடுத்ததில்ல, நானும் ஒரு நாளு அதுல சாப்பிட்டதில்ல. கஞ்சிக்கு எதுக்கு முள்ளுக்கரண்டி?"

தண்ணீர் கொடுத்தேன்.

"உங்க அண்ணன் வர்றதில்லையே? நல்ல மனுசன். செவந்தி ரேசனுக்குப் போற நேரமாப் பாத்து வந்து தொணைக்கு இருப்பாரு. ஜெபந்தான் ரொம்ப நீளம். கண்ண மூடுன்னு சொல்லுவாரு, மூடுனா நான் தூங்கிருவேன்."

வீட்டுக்கு வந்து குளித்தேன். மறுபடி குளித்தேன். வாடை போகவில்லை.

நவம்பர் 23, சனி

அகப்பைக்குச் சீட்டுக் கட்டினேன். ஊதிப் பார்க்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

ஊதிப் பார்ப்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். நல்ல முத்திரையைச் சின்னக் கரண்டியிலிருந்து வெட்டி, மட்டமான பாத்திரத்தில் ஒட்டி விற்கிற பயல்கள் உண்டு. கண்ணுக்கு ஒட்டு தெரியாது. வாயைக் கிட்டே வைத்து ஆவி படும்படி ஊதினால் ஒட்டுப்போட்ட கோடு மட்டும் தனியாக எழும்பும். தேய்த்து அழித்த எழுத்தும் அப்படித்தான். மேலே சீவிவிடலாம், உளி அடித்த அடி உள்ளே இறங்கியிருக்கும். நான் புதுச் சாமான் எது வந்தாலும் அன்றைக்கே ஊதிப் பார்த்துவிடுவேன். இதை மட்டும் ஒரு வாரமாக ஊதவில்லை.

இன்றைக்குக் கடையில் யாருமில்லை. பெரிய கரண்டியை எடுத்துக் கவிழ்த்து ஊதினேன்.

ர. த். தி. புள்ளி புள்ளியாக எழும்பி, நான் மூச்சை இழுப்பதற்குள் மறைந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தேன். மொத்தச் செட்டையும் ஊதி முடித்தபோது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் வந்ததும் கரண்டியை மேசையில் போட்டேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரு பொய்யாவது சொல்வார் என்று நினைத்தேன். அதற்குக்கூட நான் லாயக்கில்லை போல.

"சாகப்போற கெழவி. பெட்டிக்குள்ள வச்சு என்ன பண்ணப்போறா? மகன் வந்து அள்ளிட்டுப் போவான். அவனுக்குப் போறது நமக்கு வந்தா என்ன?"

"செவந்தியைப் போலீஸ்ல குடுக்கப் போறாங்கண்ணே."

"ரெண்டு அதட்டு அதட்டி விட்ருவாங்க. அவகிட்ட எடுக்க எதுவுமில்லையே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஜெபத்தில் வருகிற அதே குழைவு. "சுகி, அன்னிக்கு அசல்னு சொன்னது யாரு? நீ சொல்லலேன்னா முலாம்னு நான் பாட்டுக்கு விட்டிருப்பேன்ல? சீட்டெல்லாம் யாரு கையெழுத்து? யோசிச்சுப் பாரு. நீ தனி ஆளு. இந்த வீட்ட விட்டா உனக்குப் போக்கிடம் ஏது?"

கரண்டியை எடுத்து, அதன்மேல் எச்சிலைத் துப்பி, நிதானமாகத் துடைத்து வைத்தார்.

ராத்திரி மதினி ஆட்டுக்கால் சூப் வைத்திருந்தார். குடித்தேன். அதை எழுதத்தான் வேண்டும். குடித்தேன்.

நவம்பர் 27, புதன்

பஸ் நிறுத்தத்தில் செவந்தி நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஆளே இல்லை, எல்லோரும் இரண்டு எட்டுத் தள்ளி நின்றார்கள். நான் வேறு பக்கம் திரும்பினேன். அவளே வந்தாள்.

"அக்கா, நீங்க கரண்டி முத்திரையெல்லாம் பாக்கறவுங்களாமே. அந்தம்மா சாமான் எந்தக் கடைக்காச்சும் வந்தா ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. அதுல பேரு வெட்டியிருக்கும். நாந்தான் மாசா மாசம் தொடச்சு வைப்பேன், எனக்குத் தெரியும். மக நர்சிங் சேந்து மூணு மாசந்தான் ஆச்சு. ஆத்தா திருடின்னு ஒரு பேச்சுப் போச்சுன்னா அவளையும் ஒண்ணுமில்லாம ஆக்கிருவாங்க."

"சரி" என்றேன்.

"அந்தம்மாளுக்கு முதுகுல புண்ணு வந்திருச்சாக்கா? திருப்பித் திருப்பிப் படுக்கவைக்கணும்."

அதற்கும் சரி என்றேன். எனக்கு என் வாயைப் பார்த்தே அருவருப்பாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரிசார்ட்டில் நீள மேசை. வெள்ளை விரிப்பு, பூ, மெழுகுவத்தி, நடுவே வான்கோழி. பன்னிரண்டு விருந்தாளிகள், எல்லோர் முன்னாலும் அணில் முத்திரை வெள்ளி. நானும் அண்ணனும் சுவரோரம் நின்றோம். அண்ணன் கோட்டும் டையுமாக இருந்தார். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அதிகபட்சம் ஒன்றும் செய்யமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நிரஞ்சனா மேடம் கையைத் தட்டினார். "மிஷனரி வீடு இல்லீங்களா, சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் பண்ணுவாங்க. எட்வின் சார், நீங்களே பண்ணிடுங்க. எல்லாரும் கண்ண மூடிக்கங்க."

அண்ணன் முன்னால் போய் நின்றார். குரல் குழைந்தது. இந்த உணவுக்காகவும், இந்த வீட்டுக்காகவும், இந்த மேசைமேல் உள்ள ஒவ்வொரு நன்மைக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே. ஏழைகளையும் படுக்கையில் இருப்பவர்களையும் நினைத்தருளும். நீளமான ஜெபம். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் மூடவில்லை. மேசையைப் பார்த்தேன், மூடிய கண்களைப் பார்த்தேன், இப்படித்தானே புதன்கிழமைதோறும் என்று நினைத்தேன்.

ஆமென் சொன்னதும் மேடம் என்னைக் காட்டினார். "இவங்கதான் நம்ம சில்வர் எக்ஸ்பர்ட் சுகிர்தா. மார்க் எப்படிப் பாக்கறதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"சொல்றத விட நீங்களே பாத்துடலாம்" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "ஆளுக்கொரு கரண்டி எடுத்துக் கவிழ்த்துப் பிடிங்க. காம்புல பாதி தேஞ்ச முத்திரை இருக்கும். அதுக்குக் கிட்ட வாய வச்சு, கண்ணாடில ஊதுற மாதிரி ஊதுங்க."

"சுகி" என்றார் அண்ணன்.

சிரித்துக்கொண்டே ஊதினார்கள். மலைக்குளிர், ஜன்னல் திறந்திருந்தது, ஆவி நன்றாகவே படிந்து நின்றது. முதலில் ஒரு நரைத்த மனிதர் புருவத்தைச் சுருக்கினார். "தமிழ்ல என்னமோ இருக்கே!" அவர் பக்கத்து அம்மாள் மறுபடி ஊதி எழுத்துக்கூட்டினார். "ரத்... தின... ரத்தினபாய்." "எனக்கும் அதேதான்." "இங்கயும் ரத்தினபாய்." மேசை முழுக்க அந்தப் பெயராகவே இருந்தது.

"யாருங்க ரத்தினபாய்?" என்று மேடம் கேட்டார்.

"இந்த ஊர்ல படுத்த படுக்கையா கிடக்குற ஒரு அம்மா. இது அவங்க சாமான். திருட்டுப் போனது. எடுக்காத ஒரு பொண்ணு நாளைக்குப் போலீசுக்குப் போகணும். எடுத்தவரு இப்பதான் உங்களுக்கு ஜெபம் பண்ணினாரு."

ஒருவர் கரண்டியைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது. அண்ணன் மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்தார். "அவளுக்கு மனநிலை சரியில்லைங்க" என்றார். நரைத்த மனிதர், "எழுத்துக்குமா சார் மனநிலை சரியில்ல?" என்றார். அண்ணன் கையை விட்டுவிட்டு வெளியே போனார். ஓடவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துதான் போனார்.

மேடம் என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டப்போகிறார் என்று பார்த்தால் கண்ணெல்லாம் மின்னுகிறது. "என்னங்க இது, அருமையான ஸ்டோரிங்க! சமையக்காரம்மா பேரு, ஊதினாத் தெரியுது! அவங்க வீட்ல பேசி நமக்கே முடிச்சுக் குடுங்க, மெனுகார்டுல போட்ரலாம்."

அவர் முகத்தில் காறித் துப்பவில்லை. அண்ணன் ஞாபகம் வந்தது, அதனால் துப்பவில்லை. மேசை விரிப்பில் சாமானையெல்லாம் வாரிக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

மதினி என் பெட்டியை வாசலில் வைத்திருந்தார். "உடன்பொறந்தவன நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி பாவி. விளங்குவியா நீ?" என்றார். கதவுக்குப் பின்னால் அண்ணன் நிற்பது தெரிந்தது. பெட்டியையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு ரத்தினபாய் அம்மா வீட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது?

டேவிட்சன் மூட்டையைப் பிரித்துக் கட்டில்மேல் பரப்பினார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். எண்ணிக்கொண்டே கேட்டார். செவந்தி வந்தாள், யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். விட்டுப்போன கம்பளியை எடுத்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னாள். டேவிட்சன் அவளைப் பார்த்து, "தப்பா நினைச்சுக்காத, சூழ்நிலை அப்படி" என்றார். அவ்வளவுதான் அவருடைய மன்னிப்பு.

பிறகு மறுபடி எண்ணினார். "பெரிய கரண்டி ஒண்ணு குறையுதே."

நான் விரிப்பை உதறினேன். இல்லை. அவர் என் பெட்டியைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். வாசலில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க. திறந்து காட்டிட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லது" என்றார்.

கொட்டினேன். பூதக்கண்ணாடி, மூக்குப்பொடி டப்பா, மாற்றுப் புடவை, உள்பாடி, எல்லாம் தரையில் விழுந்தது. வாசலில் ஒருத்தி, "என்ன இருந்தாலும் எட்வின் தங்கச்சிதானே" என்றாள்.

செவந்தி கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"விடுங்க சார். அந்தக்கா எடுக்கல. அது முழி திருட்டு முழி இல்ல."

கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

நேற்று ரிசார்ட் டிரைவர் பெரிய கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். விருந்துக்கு வந்த ஓர் அம்மாள் ஞாபகார்த்தமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டாராம். காம்பெல்லாம் லிப்ஸ்டிக் பசை. குச்சியில் பஞ்சைச் சுற்றி எடுத்தேன். டேவிட்சன் செட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். போலீஸ் பேச்சை எடுக்கவில்லை. செவந்திக்கு ஆள் அனுப்பினோம், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு விடிந்ததும் வெந்நீர் வைத்து, ரத்தினபாய் அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கக் கையைப் பிடித்தேன். அரைத்தூக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறக்காமல் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"செவந்தியா?"

"இல்லம்மா. எட்வின் தங்கச்சி."

கையை விடுவித்துப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.